கிறிஸ்துமஸ் பரிசுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? கொங்குப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு என்று எல்லா ஊரிலும் கடை வாசலில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன வாங்கித் தருவீங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முன்பே வீட்டில் ஒரு தொகை முடிவாகியிருக்க வேண்டும். பொருளை முதலில் பார்த்துவிட்டால் தொகை அதன் பின்னால் ஓடும். தொகையை முதலில் போட்டுவிட்டால் பொருள் அதற்குள் வந்து நிற்கும். பரிசு வாங்கிய கடன் ஜனவரிக்குப் போகக் கூடாது. கீழே இருக்கிற ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதல் படி: தீபாவளி போனஸ் வந்த அன்றே பிரித்து வையுங்கள்

நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பனியன் கம்பெனியோ, ஸ்பின்னிங் மில்லோ, கோவையின் பட்டறையோ, போனஸ் வருவது தீபாவளிக்கு. சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அந்தப் பணம் கைக்கு வந்து கிறிஸ்துமஸ் வர இன்னும் ஆறிலிருந்து பத்து வாரம் ஆகும். அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பட்டாசு வெடிப்பார்கள், நம் பிள்ளையும் வாசலில் நிற்கும். ஒரு பெட்டி பட்டாசாவது வாங்காமல் யாராலும் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். அப்புறம் பழைய பாக்கி, வண்டிக்கு சர்வீஸ், சொந்தத்தில் ஒரு கல்யாண மொய் என்று பணம் கரையும். டிசம்பர் இருபதாம் தேதி பார்த்தால் போனஸ் போன இடம் தெரியாது.

அதனால் போனஸ் கணக்கில் ஏறிய அன்றே கிறிஸ்துமஸ் பங்கை எடுத்து, தினசரி புழங்காத இன்னொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஜிபே தொடாத கணக்காக இருந்தால் ரொம்ப நல்லது. வீட்டிலேயே வைப்பதாக இருந்தால் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்த உறையில், மேலே தொகையை எழுதி வையுங்கள்.

போனஸ் இல்லாத வேலை என்றால் வருடம் முழுக்கச் சேர்ப்பதுதான் வழி. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது சுலபம். வாரம் 60 ரூபாய், ஐம்பது வாரத்தில் 3,000. மாதச் சம்பளக்காரர்கள் வங்கியில் மாதம் 250 ரூபாய்க்கு ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாம். தெருவில் நடக்கும் பண்டிகைச் சீட்டில் மட்டும் பிள்ளையின் பணத்தைப் போடாதீர்கள். பதிவில்லாத சீட்டில், நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் எங்கே போய் நிற்பீர்கள்?

இரண்டாம் படி: தொகையை முடிவு செய்யுங்கள்

எவ்வளவு என்று கேட்டால் என் பதில்: வீட்டின் இரண்டு நாள் சம்பளம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, பரிசுக்கு மட்டும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விதி இல்லை. நம் பக்கத்து வீட்டுக் கணக்குகளுக்குப் பொருந்துகிற அளவு என்று நான் நம்புவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனியன் கம்பெனியில் கணவர் டைலர், மனைவி தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை. இருவரும் சேர்ந்து வாரம் 9,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். ஆறு நாள் வேலை, ஆக ஒரு நாளைக்கு 1,500. இரண்டு நாள் 3,000. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இந்த 3,000 இருவருக்கும் சேர்த்து. கோவையில் ஐ.டி. வேலை பார்க்கிற ஒருவருக்கு மாதம் 60,000 என்றால் ஒரு நாளைக்கு 2,000; இரண்டு நாள் 4,000.

சம்பளம் கூடினால் தொகையும் கூடும், குறைந்தால் குறையும். அண்டை வீட்டுக்காரர் என்ன வாங்கினார் என்பது இந்தக் கணக்கில் வராது. வீட்டுக் கடன் தவணை, மருத்துவச் செலவு ஓடுகிற வருடமாக இருந்தால் ஒரு நாள் சம்பளமாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தொகையைப் போடுவதற்கு முன்னால் ஜனவரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தனியார் பள்ளியில் மூன்றாம் பருவக் கட்டணம் அப்போதுதான் கேட்பார்கள். புத்தாண்டு ஆராதனைக்குக் காணிக்கை இருக்கும். ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடும். இந்த மூன்றுக்கும் பணம் தனியே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பரிசுத் தொகை உறுதி.

மூன்றாம் படி: துணியையும் பரிசையும் பிரியுங்கள்

பெரும்பாலான வீடுகளில் கணக்கு குழம்புவது இங்கேதான். கிறிஸ்துமஸ் டிரெஸ் எல்லாருக்கும் உண்டு. அம்மா அப்பாவுக்கும் உண்டு. அது பண்டிகைச் செலவு. கேக், கறி, ஸ்டார், குடில் சாமான், ஊருக்குப் போகிற பஸ் செலவு எல்லாம் அதே கணக்கு. பரிசு என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டும், அது ஆசைப்பட்டு வாங்குவது. "டிரெஸ்தான் எடுத்துக் குடுத்தோம்ல, அப்புறம் என்ன பரிசு?" என்று கேட்டால் பிள்ளைக்கு அது நியாயமாகப் படாது, ஏனென்றால் டிரெஸ் எல்லாருக்கும்தான் வந்தது.

டிரெஸ் செலவைக் குறைத்தால் பரிசுக்கு மூச்சு கிடைக்கும். அதற்கு நம் பக்கத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணி, அதாவது வெளிநாட்டு ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியது, கடை கடையாகக் குவிந்து கிடக்கும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை இருக்கிறது. ஆனால் விலை குறைவு என்பதற்காக அள்ளிக்கொண்டு வரக் கூடாது.

காதர்பேட்டையில் பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும்போது நான் பார்க்கிறவற்றைச் சொல்கிறேன். முதலில் உடுப்பை உள்பக்கமாகத் திருப்பி, தோள்பட்டைத் தையலையும் அக்குள் தையலையும் இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் இடைவெளிவிட்டுப் பல்லிளித்தால் அது செகண்ட்ஸ் மால், அதாவது தரத்தில் கழித்த துணி. இரண்டு துவைப்புக்கு வராது. வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, அடர் சிவப்பு, கருநீலத் துணிகளின் உள்மடிப்பில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் என்றாலே சிவப்புதானே எடுப்பீர்கள். பிறகு பட்டன், ஸ்னாப் ஒவ்வொன்றையும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சின்னப் பிள்ளை உடுப்பில் கழன்ற பட்டன் நேரே வாய்க்குப் போகும். லேபிளில் இருக்கும் வயது வெளிநாட்டுப் பிள்ளைகளின் உடல்வாகுக்குப் போட்டது. அதனால் பிள்ளையின் பழைய சட்டை ஒன்றைப் பையில் கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பார்த்து எடுங்கள். நடுராத்திரிப் பூசைக்கோ விடியற்கால ஆராதனைக்கோ போகிற குடும்பம் என்றால், மினுக்குகிற ஃபிராக்கைவிடத் தொப்பி வைத்த ஃபிலீஸ் மேல்சட்டை மார்கழிக் குளிருக்கு உதவும். பிப்ரவரி வரைக்கும் போடலாம்.

நான்காம் படி: பிள்ளையிடம் கேளுங்கள், தொகையையும் சொல்லுங்கள்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளை மாணவர்களிடம் மதிப்பிடச் சொன்னார். கொடுத்தவர் செலவழித்த பணத்தைவிட, வாங்கியவர் அதற்குப் போட்ட மதிப்பு பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. நம் கணக்கில் சொன்னால், 1,500 ரூபாய் பொம்மையில் 500 ரூபாய் வரை யாருக்கும் பயன்படாமல் போகலாம். கேட்டு வாங்கினால் இந்த நஷ்டம் பெருமளவு இருக்காது.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் தொகையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒளிக்க அதில் ஒன்றுமில்லை. பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மா, எனக்கு ரிமோட் கார் வேணும். பெருசு. அந்த மண்ணுல ஓடறது."

"சரி கண்ணு. உனக்கு இந்த வருசம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் வெச்சிருக்கோம். அந்தக் காரு எவ்வளவுன்னு பார்த்தியா?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"அப்ப தொள்ளாயிரம் இடிக்குதே. சின்னக் காரா எடுத்துக்கறயா, இல்ல அம்மிச்சி குடுக்கற காசையும் சேர்த்துக்கலாமா? நீயே யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்லு."

யோசிக்க விட்டுவிட்டால் பெரும்பாலும் பிள்ளையே விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு, ஐந்து ஆறு வயது வரை, தொகை புரியாது. அவர்களுக்கு இரண்டு பொருளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிசமமாகப் பணம் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் கேட்கும் கிரிக்கெட் பேட்டின் விலையும் ஆறு வயதுப் பெண் கேட்கும் சமையல் செட்டின் விலையும் ஒன்றாகவா இருக்கும்? 3,000 ரூபாயில் 1,800, 1,200 என்று பிரிப்பது நியாயம்தான். ஆனால் சின்னது பொட்டலத்தை எண்ணும். அதனால் சின்னவளின் 1,200-இல் இரண்டு மூன்று சிறு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். அடுத்த வருடம் பெரியவனுக்குக் குறைந்து சின்னவளுக்குக் கூடலாம் என்பதையும் இருவருக்கும் சொல்லி வையுங்கள். பையனுக்குச் சைக்கிள், பெண்ணுக்கு வளையல் என்று பழக்கத்தில் பிரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பெண்ணும் சைக்கிள் கேட்கும்.

ஐந்தாம் படி: சொந்தபந்தத்தோடு பேசி வையுங்கள்

மாமன் ஒரு ரிமோட் கார், அத்தை ஒரு ரிமோட் கார், சித்தப்பா ஒன்று. இப்படி மூன்று கார் வந்து நிற்கிற வீடுகள் எத்தனையோ. டிசம்பர் முதல் வாரத்திலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அல்லது மாமனுக்கு நேரே போன் போட்டு, "பையனுக்கு இந்த வருசம் பேட்டு வாங்கறோம், நீங்க வேணும்னா பால், கிளவுஸ் எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிடலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அவர்களுக்கும் என்ன வாங்குவது என்ற குழப்பம் தீரும்.

விலை கூடின பொருள் ஒன்றைப் பிள்ளை நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அப்புச்சி, அம்மிச்சி, மாமன், அத்தை எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே பரிசாகக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. கேரம் போர்டு மாதிரி பொதுப் பரிசும் உண்டு. விடுமுறை முழுக்க மொத்த வீடும் உட்கார்ந்து ஆடும்.

ஆறாம் படி: கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

*பொம்மை.* 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. என்கிற தர முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்கிற பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. காந்திபுரத்து நடைபாதையிலும் திருவிழாக் கடையிலும் கிடைக்கும் மலிவுப் பொம்மைகளில் இந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கைக்குழந்தைக்கு வாங்காதீர்கள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் அந்த மூடி ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி விழுங்கியது தெரிந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

*வரி.* 2025 செப்டம்பர் 22 முதல் மின்னணு அல்லாத பொம்மைக்கும் சைக்கிளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்னணுப் பொம்மைக்கு 18 சதவீதம். துணியில் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 2,600 ரூபாய் பட்டுப்பாவாடை செட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், 2,500-க்குள் இருக்கிற இன்னொன்றையும் எடுத்துப் பார்ப்பது பலன் தரும். கலர் பென்சில், க்ரேயான், நோட்டு, அச்சடித்த புத்தகம் இவற்றுக்கு வரியே இல்லை. பில் கேட்டு வாங்குங்கள். மாற்றுவதற்கும் அதுதான் வேண்டும்.

*சைக்கிள்.* பிள்ளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ ஒன்பது, பத்து படித்தால் இப்போது சைக்கிள் வாங்க அவசரப்படாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. சிறு பிள்ளைக்கு வாங்கும்போது "வளர்ற புள்ளதானே" என்று பெரிய அளவை எடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். இல்லையென்றால் அது விழுகிற சைக்கிள். கைமாறின நல்ல சைக்கிளை டியூப், பிரேக் ரப்பர் மாற்றி, பெயின்ட் அடித்துக் கொடுத்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சந்தோஷம் குறையாது.

*புத்தகம்.* இதற்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். கோவையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் புத்தகத் திருவிழா ஜூலை வாக்கில் நடக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையின் புத்தகத் திருவிழா ஆகஸ்டில். பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் டிசம்பர் கணக்கு அந்த அளவுக்கு லேசாகும்.

*ஆன்லைன்.* தீபாவளித் தள்ளுபடியில் விலை குறைவாக இருக்கும்போது வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் திருப்பி அனுப்பும் கெடு சில நாளிலேயே முடிந்துவிடும். பார்சல் வந்த அன்று இரவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பிரித்து பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வையுங்கள். டிசம்பர் 25 காலையில் ஓடாத காரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடையிலோ ஆன்லைனிலோ ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

*பின்னால் வரும் செலவு.* ரிமோட் கார் பேட்டரி தின்னும். டேப்லெட் வாங்கினால் மாதாமாதம் ரீசார்ஜ். மீன்தொட்டிக்கு மோட்டார், தீனி. இந்த வகைப் பரிசுக்கு, விலையோடு ஆறு மாதச் செலவையும் கூட்டித்தான் உங்கள் தொகைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குத் தனி போன் வாங்கித் தருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தொகைக்குள் வந்தாலும்.

ஏழாம் படி: கடனில் பரிசு வேண்டாம்

"ரெண்டு வட்டி"க்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய் என்று வாங்கினால் வருடத்துக்கு 24 சதவீதம், "மூணு வட்டி" என்றால் 36. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தாலும் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் ஓடும். நோ காஸ்ட் இ.எம்.ஐ. (வட்டியில்லாத் தவணை) என்று போட்டிருந்தாலும் பிராசஸிங் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். மகளிர் குழுக் கடனை பொம்மைக்குத் திருப்புவதும் இதே கதைதான். வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது அந்தப் பொம்மை உடைந்து போயிருக்கும்.

எட்டாம் படி: பள்ளி, சபைப் பரிசுகளுக்கும் ஒதுக்குங்கள்

வகுப்பில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு விளையாட்டுக்குச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள்; யார் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க வேண்டும். இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஆடுவார்கள். ஞாயிறு பள்ளியிலும் பரிசு மாற்றிக்கொள்வது உண்டு. இப்படி ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று சிறு பரிசுகள் வரும். வகுப்பாசிரியரிடம் விலை உச்சவரம்பு கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லையென்றால் நூறு ரூபாய்க்குள் நிறுத்துங்கள். கூடுதலாகக் கொடுத்தால் எதிரே இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குச் சங்கடம்.

ஒன்பதாம் படி: கொடுக்கும் விதம்

கேரல் ரவுண்ட்ஸுக்கு, அதாவது வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட, வரும் சபை வாலிபர் குழுவிடம் முன்கூட்டியே பொட்டலத்தைக் கொடுத்துவைத்தால் கிறிஸ்துமஸ் தாத்தா கையாலேயே பிள்ளைக்குக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷத்துக்கு ஈடில்லை. அப்படிச் செய்வதாக இருந்தால் தெருவில் கூடும் மற்றப் பிள்ளைகளுக்காக ஒரு கிலோ மிட்டாயும் சேர்த்துக் கொடுங்கள். விலை கூடின பரிசை மட்டும் வாசலில் வேண்டாம், உள்ளே கொடுங்கள். காம்பவுண்ட் வீடுகளில் பத்துக் குடும்பம் ஒரே வாசலில் இருக்கிறது.

இந்த வருடம் கையில் பணமே இல்லை என்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். "இந்த வருசம் அப்பாவுக்கு ஷிப்ட் குறைஞ்சிருச்சு கண்ணு. இருநூறு ரூபாய்க்குள்ள என்ன வேணும்னு சொல்லு." இருபத்தி நான்காம் தேதி இரவு வரை நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கையை விரிப்பதுதான் பிள்ளையை உடைக்கும். "பொங்கலுக்கு வாங்கித் தர்றேன்" என்று சொன்னால் பொங்கலுக்கு வாங்கிக் கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால் அதைச் சொல்லவே வேண்டாம்.

பத்தாம் படி: கையில் வந்த காசு

மாமன், தாத்தா கொடுக்கும் நோட்டுகளை "அம்மாகிட்ட குடு, பத்திரமா வெக்கறேன்" என்று வாங்கி மளிகைக்குப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அதைப் பிள்ளையின் பெயரில் போடுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு நடப்பில் இருக்கும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் இடம் கொடுக்கலாம் என்று 2025-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கிக் கிளையில் இதற்கான வயது வரம்பையும் பண வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி திறப்பதற்குள் ஒரு நாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், சலானை அதன் கையாலேயே எழுதவைத்து, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கிவிடுங்கள்.